சவரி அண்ணனும் ஆறாவது பாட்டும்

சவரி அண்ணன் இடுப்புல ஒரு சாவி இருக்கும். அரணாக்கயித்துல முடிஞ்சி வெச்சிருப்பாரு. குளிக்கச்சொல்லயும் அவுக்க மாட்டாரு, தூங்கச்சொல்லயும் அவுக்க மாட்டாரு. சவரிராயன்னு முழுப் பேரு. எங்க ஊரு கோயில்பிள்ளை. விக்கிரவாண்டி தாண்டி திண்டிவனம் போற ரோட்டுல, எடதுகைப் பக்கமா மூணு கிலோமீட்டர் உள்ள வந்தீங்கன்னா மாதா கோயில் கோபுரம் தெரியும். அந்தக் கோயிலத் தொறக்கறது, பூட்டறது, மெழுகுவத்தி ஏத்தறது, மணி அடிக்கறது அத்தினியும் அவருதான். இருவத்தாறு வருசமா. கோயில் காம்பவுண்டுக்குள்ளயே ஒரு வூடு குடுத்திருக்காங்க. சாவி போச்சுன்னா வூடும் போச்சு. அதான் அந்த முடிச்சு.

இந்த வேல அவருக்கு எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா, ஒரு தப்பு மணியாலதான் வந்துச்சு. முன்ன இருந்த கோயில்பிள்ளை நல்ல மனுசன்தான், கொஞ்சம் அவசரக்காரரு. ஊர்ல ஒருத்தருக்கு உசுரு இழுத்துக்கினு இருந்துச்சு. டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னு யாரோ வந்து சொல்ல, இவரு ஓடிப்போயி சாவு மணி அடிச்சிட்டாரு. பந்தல் போட்டாச்சு, சொந்தக்காரன்லாம் பஸ் புடிச்சி வந்துட்டான். அந்த ஆளு சாயங்காலமா எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டாரு. அப்பால பதினோரு வருசம் இருந்தாரு, ரெண்டு தபா வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிட்டு வந்தாரு. மணி அடிச்சவருதான் அந்த வாரமே வூட்டக் காலி பண்ணினாரு. அந்தச் சாவிதான் சவரி அண்ணன் இடுப்புக்கு வந்துச்சு.

எங்க ஊர்ல மணிக்கு ஒரு முறை உண்டு. பூசைக்கு அடிச்சா கலகலன்னு ஓடும். காலையில, மத்தியானம், சாயங்காலம் செபத்துக்கு அடிக்கற திரிகால மணி மூணு மூணா வுழும். சாவு மணி மட்டும் ஒத்த ஒத்தயா. ஒரு தட்டு தட்டி, அந்தச் சத்தம் அடங்கற வரைக்கும் கம்னு இருந்துட்டு அடுத்த தட்டு. கடைசில கொஞ்சம் நிறுத்தி, ஆம்பளன்னா மூணு தட்டு, பொம்பளன்னா ரெண்டு. மணி கேட்டதும் அடுப்புல இன்னா வெந்துக்கினு இருந்தாலும் எறக்கி வெச்சிட்டு ஜனம் வாசலுக்கு வந்துரும். சிலுவ போட்டுக்கினு அந்தக் கடைசித் தட்ட எண்ணும். எங்கனா மைக்செட்டு பாடிக்கினு இருந்தா அந்த நிமிசமே அமத்திரணும். கல்யாண வூடா இருந்தாலும் சரி, காது குத்தா இருந்தாலும் சரி. மைக்செட்டு என்னுதுங்கறதால எனக்கு இது நல்லாத் தெரியும்.

இத்தினி வருசத்துல சவரி அண்ணன் ஒரு தட்டு மாத்தி அடிச்சதில்ல. யாரு வந்து சாவுன்னு சொன்னாலும், அவரே நடந்து போயி மொகத்தப் பாத்துட்டு வந்துதான் கயித்தப் புடிப்பாரு. எங்க சித்தப்பன் செத்தப்ப, பாத்துட்டுப் போனவரு சந்தேகம் தீராம திரும்ப வந்து மூக்குல வெரல் வெச்சிப் பாத்தாரு. எங்க சித்தி அழுகைய நிறுத்திட்டு மொறச்சாங்க. அப்பேர்ப்பட்ட மனுசன், ஒரு நாளு சாவே இல்லாம சாவு மணி அடிச்சாரு. அதத்தான் சொல்ல வந்தேன்.

அவருக்கு ஒரே பொண்ணு, வெனிலா. விழுப்புரத்துல காலேஜ் படிச்சிட்டு, இப்ப திண்டிவனத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல பில்லு போடுது. கோயில் பாட்டுக்குழுவுல சின்னதுலேர்ந்து பாடும். காலேஜுக்குப் போற பஸ்ஸுல அதுக்கு ரெண்டு சிநேகிதம் ஆச்சு. ஒண்ணு ஜோஸ்வின், கிடார் வாசிக்கிற பையன். இன்னொண்ணு வல்லரசு, ஓமந்தூர் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடற முருகையன் மவன். டிரம்ஸும் அடிப்பான், கம்ப்யூட்டர்ல பாட்டு ரெக்கார்டும் பண்ணுவான். தெனம் எட்டு முப்பத்தஞ்சு பஸ்ஸு. யாரு கையில சில்லற இருக்கோ அவங்க மூணு டிக்கெட்டு எடுப்பாங்க. கண்டக்டரு இவங்களப் பாத்தாலே "மூணு டிக்கெட்டு"ன்னு கிழிச்சிக் குடுத்துருவாராம். அதையே குரூப்புக்குப் பேரா வெச்சிக்கினாங்க.

காலேஜ் முடிஞ்சிது, பஸ்ஸு முடிஞ்சிது, பாட்டு மட்டும் முடியல. சொந்தமா எழுதி சொந்தமா மெட்டுப் போட்டு ஆறு பாட்டு சேத்தாங்க. முதல் ஆல்பம்னாங்க. பாட்டுன்னா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. குத்து கெடையாது. பக்கத்து வூட்டுப் பொண்ணு பாத்திரம் வெளக்கிக்கினே தனக்குள்ள பாடுமே, அது மாதிரி இருக்கும். ஒரு பாட்டு பூரா பஸ்ஸ வுட்டுட்டு நிக்கறதப் பத்தி. இன்னொண்ணு விக்கிரவாண்டி டோல்கேட்டுல வெள்ளரிக்கா விக்கற பொம்பளையப் பத்தி. எனக்கு மொதல்ல சிரிப்பாத்தான் வந்துச்சு. ரெண்டு நாளு கழிச்சி வண்டி ஓட்டிக்கினே அந்த வெள்ளரிக்கா பாட்ட நானே பாடிக்கினு போறேன். வெளிய சொல்லல.

ரெக்கார்டு பண்ண ஸ்டுடியோவுக்குப் போவ வசதி இல்ல. முருகையன் கொல்லையில மோட்டார் கொட்டா ஒண்ணு இருக்கு. வல்லரசு அதுல நாலு பக்கமும் மல்லாட்டை மூட்டைய சொவராட்டம் அடுக்கினான். எதிரொலி வராதாம். மெய்யாலுமே வரல, நான் உள்ள போயி கத்திப் பாத்தேன். இந்த மூட்டைக்குள்ள உக்காந்து அஞ்சு பாட்டு முடிச்சாங்க. நாலாவது பாட்ட உத்துக் கேட்டா எலி ஓடற சத்தம் இருக்கும்.

ஆறாவது பாட்டு அன்னிக்கிப் போயிப் பாத்தா கொட்டா காலி. மல்லாட்டைக்கு வெல ஏறிடுச்சுன்னு முருகையன் காலையிலயே லாரி ஏத்திட்டாரு. வல்லரசு தலையில கைய வெச்சிக்கினு உக்காந்துட்டான். இவன் கேட்டதுக்கு, "பாட்டு காத்திருக்கும்டா, மார்க்கெட்டு காத்திருக்காது"ன்னாராம் முருகையன். இப்ப அந்த ரூம்ல பாடினா கெணத்துக்குள்ள பாடற மாதிரி இருக்கு. வெனிலாதான் யோசிச்சிச்சு. எதிரொலிதான் வரும்னா நல்ல எதிரொலியா வரட்டும், எங்க கோயில்ல போயிப் பாடலாம்னிச்சு.

அப்பங்கிட்ட கேட்டுச்சு. அவரு முடியாதுன்னாரு. கோயிலு கச்சேரி பண்ற எடமான்னாரு. வெனிலா மூணு நாளு சாப்புட்ட தட்டக் கழுவி வெச்சிட்டு கம்னு போயிடுச்சு. இந்தக் கம்னு போற வித்த அவங்கம்மா லூர்து மேரிகிட்டேர்ந்து வந்தது, அந்தக் குடும்பத்துல அதுதான் பெரிய ஆயுதம். நாலாவது நாளு மத்தியானம் ரெண்டு மணிக்கு சவரி அண்ணன் கோயிலத் தொறந்து வுட்டாரு. கோயில் சாமியாரு, அதான் ஃபாதர், தூங்கற நேரம், ஊரும் தூங்கற நேரம். டிரம்ஸ் ஏத்திக்கினு வந்தது என் குட்டியானை வண்டிதான், அதனால நானும் அங்கதான் இருந்தேன்.

யாரும் வராம பாத்துக்கோப்பான்னு அவர கேட்டுல நிக்க வெச்சிட்டுதான் அது பாடிச்சு. இன்னா பாட்டு, இன்னா வரி எதுவும் அவருக்குத் தெரியாது. பாடி முடிச்சிட்டு வெளிய வந்து, பாட்டு கடைசில நம்ம மணி வேணும்பான்னு நின்னுச்சு. அவரு பூசை மணி அடிக்கட்டுமான்னாரு. வல்லரசு தாளம் போட்டுக் காட்டி, அது ஓடுது அங்கிள், இந்தப் பாட்டு நடக்குதுன்னான். திரிகால மணியும் ஒத்து வரல. சவரி அண்ணன் அந்தத் தாளத்த ரெண்டு தபா தொடையில தட்டிப் பாத்தாரு. அவரு மொகம் மாறிச்சு. அந்த நடைக்கு அவருகிட்ட ஒரே மணிதான் இருந்துச்சு.

நான் வேணாம்ணேன்னு சொன்னேன். பொய் சொல்லல, சொன்னேன். முன்ன இருந்தவரு கதைய ஞாபகப்படுத்தினேன்.

அவரு மவ மொகத்தப் பாத்தாரு. ஆனா கயித்தத் தொடல. ஒரு உருட்டுக் கட்டைக்குத் துண்டச் சுத்தி எடுத்துக்கினு கோபுரத்துல ஏறினாரு. மணி விளிம்புகிட்ட வல்லரசு மைக்கப் புடிச்சான். இவரு கையாலயே மெல்ல மெல்லத் தட்டினாரு. கீழ நின்ன எனக்கே கேக்கல, ரெண்டு பொறா பறந்துச்சு அவ்ளோதான். எறங்கி வந்து என்னாண்ட, "நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்"ன்னாரு. ஜோஸ்வின் அஞ்சாவதா அங்க நின்னுக்கினு இருந்தான், அவன எப்பவும் யாரும் கணக்குல சேக்கறதில்ல.

ஆல்பம் ஒரு ஞாயித்துக்கெழம ரிலீசு. லூர்து மேரிக்கு ஒரே கொழப்பம். கேசட்டும் இல்ல, சிடியும் இல்ல, கையில புடிக்க ஒண்ணு இல்லாம எத மந்திரிக்கறதுன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. எங்க ஊர்ல புது வண்டி, புது மாடு, புது மிக்சி எது வந்தாலும் சாமியாருகிட்ட கொண்டுபோயி மந்திரிக்காம தொட மாட்டாங்க. கடைசில வெனிலாவோட போன எடுத்துக்கினு போயி தீர்த்தம் தெளிச்சிக்கினு வந்துச்சு. அந்தப் போனு ஒரு நாளு பூரா பேசல. அரிசி டப்பாவுல போட்டு எடுத்தாங்க.

வெனிலாவுக்கு மைக்செட்டெல்லாம் புடிக்கல. எங்க பாட்டு தனியா கேக்கற பாட்டுன்னு சொல்லிச்சு. ஆனா எங்க ஊருல கொழா ஸ்பீக்கருல பாடாத பாட்டு ரிலீசு ஆனதா கணக்கில்ல. சவரி அண்ணனே என்னக் கூப்ட்டு, கோயில் பக்கத்துல இருக்கற தென்ன மரத்துல ரெண்டு கொழா கட்டச் சொன்னாரு. "அஞ்சு பாட்டு. அஞ்சோட அமத்திரு"ன்னு ரெண்டு தபா சொன்னாரு. நானும் சரி சரின்னேன்.

ரெண்டாம் பூசை முடிஞ்சிது. சாமியாரு பக்கத்துக் கிளை ஊருக்குப் பூசை வெக்க பைக்குல போயிட்டாரு. பதினோரு மணிக்குப் பாட்டப் போட்டேன். அஞ்சு பாட்டும் போச்சு. ஜனம் கேட்ட மாதிரியும் இல்ல, கேக்காத மாதிரியும் இல்ல. ஒருத்தரு வந்து, வெறும் தாளமே ஓடுது, எப்பப்பா பாட்டு ஆரம்பிக்கும்னு கேட்டுட்டுப் போனாரு. லூர்து மேரி வாழக்கா பஜ்ஜி சுட்டுச்சு. நான் பாட்ட அமத்தத்தான் போனேன், போற வழியில பஜ்ஜித் தட்டு இருந்துச்சு. போன்ல வர்ற பாட்டு ஒண்ணு முடிஞ்சா தானா அடுத்ததுக்குப் போவும்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்பாதீங்க. தெரியும். மறந்துட்டேன்.

ஆறாவது பாட்டு ஆரம்பிச்சிது. அமத்தறதுக்கு சவரி அண்ணன்தான் மொதல்ல ஓடியாந்தாரு. வந்தவரு பட்டன்கிட்ட கைய நீட்டிட்டு அப்பிடியே நின்னுட்டாரு. ஏன்னா கொழாவுல அவரு பொண்ணு பாடுது,

ஊருக்கெல்லாம் அடிச்ச கையி
ஒரு நாளு ஓஞ்சி போனா
அந்தக் கைக்கு ஒரு மணிய
யாரு வந்து அடிப்பாங்க

அவரப் பத்தி ஒருத்தரு பாட்டு எழுதுவாங்கன்னு அவரு கனவுலயும் நெனச்சதில்ல. கண்ணு ரெண்டும் ரொம்பிக்கினு நிக்கறாரு. எனக்கும் வாயில பஜ்ஜி அடச்சிக்கிச்சி. பாட்டு நின்னுச்சு. அப்பறம் வுழுந்துச்சு மொத தட்டு.

துண்டு சுத்தின கட்டையால தட்டினதுதான். ஆனா வல்லரசு கம்ப்யூட்டர்ல அத எவ்ளோ ஏத்தினானோ, என் கொழா எவ்ளோ ஏத்துச்சோ, ஒரிஜினல் மணி தோத்துச்சு. அதும் கோயில் பக்கத்து மரத்துலேர்ந்து வருது. ஊருக்கு இன்னா தெரியும்? பாட்டு டக்குன்னு நின்னுச்சு, அதாவது முறப்படி மைக்செட்ட அமத்திட்டான். ஒத்த ஒத்தயா மணி வுழுது. யாரோ போயிட்டாங்க. நாங்க அமத்தறதுக்குள்ள எட்டு தட்டு போயிடுச்சு. அதுல கடைசி ரெண்ட வல்லரசு அழகா இருக்கும்னு சத்தத்தக் கொஞ்சங் கொஞ்சமா தேச்சி வுட்டிருந்தான். மூணும் வுழல, ரெண்டும் வுழல. ஊரே வாசல்ல நின்னுக்கினு காத்துக்கினு இருக்கு. ஆம்பளையா பொம்பளையா?

அப்ப துரைக்கண்ணு வாத்தியாரு ஒரு வாரமா மூச்சுத் தெணறலு வந்து விழுப்புரத்துல ஆஸ்பத்திரில இருந்தாரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, பங்குப் பேரவைக்கு, அதான் கோயில் கமிட்டிக்கு, துணைத் தலைவரு. யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியல, ஜனம் மொத்தமும் அவரு வூட்டப் பாத்து நடந்துச்சு. பூக்கார குப்பம்மாள் கட்டி வெச்சிருந்த மாலை அத்தினியும் கால் மணி நேரத்துல காலி. கொல்லையில டிராக்டர் ஓட்டிக்கினு இருந்த வாத்தியாரு மவன் ராஜாமணி, டிராக்டர ஓடவுட்டே எறங்கி ஓடியாந்தான். அம்மா பவுலினுக்குப் போன் அடிக்கறான், எடுக்கல. திரும்ப அடிக்கறான், எடுக்கல. ஆஸ்பத்திரில அவங்கதான் கூட இருக்காங்க. அவங்க எடுக்கலன்னா வேற இன்னா அர்த்தம்? வாசல்லயே உக்காந்து அழ ஆரம்பிச்சிட்டான்.

சவரி அண்ணன் செருப்பு கூடப் போடாம ஓடியாந்தாரு. கூட்டம் அவர சூழ்ந்துக்கிச்சு. யாரு போன் பண்ணாங்க, எத்தினி மணிக்குப் போச்சு, ஏன் கடைசித் தட்டு அடிக்கலன்னு கேக்கறாங்க. அவரு நெனச்சிருந்தா மைக்செட்டுக்காரன் தப்புன்னு என்மேல தள்ளிட்டுப் போயிருக்கலாம். நானே அதத்தான் எதிர்பாத்துக்கினு பின்னால நின்னேன்.

"யாரும் சாவலப்பா. அது பாட்டுல வர்ற மணி"ன்னாரு.

"பாட்டுல எப்பிடிண்ணே நம்ம மணி வரும்?"னு ராஜாமணி மூக்க உறிஞ்சிக்கினு கேட்டான்.

"அடிச்சது நான்தான். ஆனா இன்னிக்கி அடிக்கல."

ஒரு நிமிசம் யாருக்கும் புரியல. புரிஞ்சப்பறம் சும்மா இருப்பாங்களா? சாவு இல்லாம அடிச்சா மணி ஒரு உசுரக் கேக்கும்னு ஒரு பேச்சு எங்க ஊர்ல உண்டு. ஒரு ஆளு, பேரு வேணாம், அடுத்த தெருவுலதான் இருக்காரு, அவரு மச்சானுக்கு ரொம்ப நாளா அந்தச் சாவிமேல ஒரு கண்ணு, அவருதான் அத எடுத்து வுட்டாரு. வாத்தியாருக்கு இன்னிக்கி எதுனா ஆச்சுன்னா இந்த மணிதான் காரணம்னாரு. சவரி அண்ணன் மொகம் அதக் கேட்டதும் செத்துப் போச்சு. அவருக்கும் அதே பயம்தான் இருந்துச்சு, வாய் வுட்டுச் சொல்லல.

அதுக்குள்ள சாமியாரு பைக்கு வந்துடுச்சு. வழியிலயே அவருக்கு ஆறு போனு போயிருக்கு. சின்ன வயசு சாமியாரு, சவரி அண்ணன அண்ணேன்னுதான் கூப்புடுவாரு.

"சாவியக் குடுங்கண்ணே. கோவத்துல கேக்கல. இது அடங்கற வரைக்கும் என்னாண்ட இருக்கட்டும்."

சவரி அண்ணன் சட்டையத் தூக்கி அந்த முடிச்ச அவுக்கப் பாத்தாரு. இருவத்தாறு வருசத்து முடிச்சு, அவுறுமா? ஊரே பாத்துக்கினு நிக்குது, அவரு நகத்தால நோண்டறாரு. கடைசில குப்பம்மாள் பூ வெட்டற கத்திரிய நீட்டிச்சு. கயித்த வெட்டிச் சாவிய எடுத்துக் குடுத்தாரு. லூர்து மேரி தெருவுல நின்னுக்கினு அவங்க வூட்டு ஓட்டுக் கூரையத் திரும்பிப் பாத்துச்சு. வெனிலா மாலையோட நின்ன ஆளுங்க யாரையும் பாக்காம அவங்கப்பன் கால்ல போடச் செருப்ப எடுத்துக்கினு வந்துச்சு.

வாத்தியார நேர்ல பாக்காம முடியாதுன்னாரு சவரி அண்ணன். எந்தச் சாவுக்கும் மொகத்தப் பாத்துட்டு மணி அடிச்ச ஆளு, மணி அடிச்சிட்டு மொகத்தப் பாக்கப் போறாரு. முன்னால சவரி அண்ணனும் வெனிலாவும், பின்னால ராஜாமணி. குட்டியானைய வெரட்டினேன். டோல்கேட்டு தாண்டற வரைக்கும் ராஜாமணி அம்மாவுக்குப் போன் அடிச்சிக்கினே வந்தான், அவங்க எடுக்கவே இல்ல. கண்ணாடியில பாத்தா, எவனோ குடுத்த மாலைய அவன் இன்னும் கையில புடிச்சிக்கினு உக்காந்திருக்கான்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில சவரி அண்ணன் ரெண்டு படி ஏறி ஒரு படியில உக்காந்துட்டாரு. நீ போயிப் பாத்துட்டு வான்னு என்னச் சொன்னாரு. வெனிலா அவரு கையப் புடிச்சித் தூக்கி வுட்டுச்சு.

வார்டுல போயிப் பாத்தா, துரைக்கண்ணு வாத்தியாரு மூக்குல டியூப்போட சம்மணம் போட்டு உக்காந்துக்கினு, டீயில பன்ன நனச்சித் தின்னுக்கினு இருக்காரு. எதுத்தாப்புல பவுலின் அம்மா, டாக்டரு வேணாம்னு சொன்னத ஏன் திங்கறீங்கன்னு திட்டிக்கினு இருக்காங்க. போனு சத்தம் போடுதுன்னு நர்சு சொன்னதால அத அமத்தி கட்டிலுக்கு அடியில சார்ஜ் போட்டிருக்காங்க. அவ்ளோதான் விசயம்.

வாத்தியாரு நிமிந்து பாத்தாரு. மவன் அழுத கண்ணோட நிக்கறான், கையில மாலை.

"இன்னாடா இது? டிஸ்சார்ஜுக்கெல்லாம் மாலையா?"

சவரி அண்ணன் கட்டிலுக்குக் கிட்டப் போனாரு. பழக்கதோசம், வெரல மூக்குகிட்ட கொண்டுபோனாரு. வாத்தியாரு பட்டுன்னு கையத் தட்டி வுட்டாரு. "ஏய், நான் இன்னும் இருக்கேன்யா"ன்னாரு. அதக் கேட்டதும் சவரி அண்ணன் அந்தக் கட்டிலு விளிம்புல உக்காந்து அழுதாரு பாருங்க, இருவத்தாறு வருசமா ஊரு சாவுக்கெல்லாம் அழாம வெச்சிருந்தது மொத்தமும் வந்துச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். தூசி.

நடந்தத வெனிலாதான் சொல்லிச்சு. ஒளிவு மறைவு இல்லாம, சாவி போனது வரைக்கும். வாத்தியாரு பன்ன முடிச்சிட்டு, அந்தப் பாட்டப் போடுன்னாரு. ஒரு காதுல இயர்போன மாட்டி வுட்டுச்சு. கண்ண மூடிக்கினு கேட்டாரு. பாட்டு ஓடிச்சு. மணி வுழறப்ப அவரு வெரலு கட்டில்ல ஒவ்வொண்ணா தட்டி எண்ணிச்சு. எட்டுல நின்னுச்சு. அந்த வெரலு காத்துக்கினே இருந்துச்சு. ஒண்ணும் வரல.

கண்ணத் தொறந்தாரு. பரீட்ச பேப்பரு திருத்தற மொகம். "பாட்டு நல்லா இருக்குமா. ஆனா ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லாமயே முடிச்சிட்டியே. இப்பிடி வுட்டா ஒரு ஊரு எப்பிடித் தூங்கும்?"

அஞ்சு நாள்ல அவர வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வாரம் பூரா ஊரு பட்ட பாட்டக் கேக்காதீங்க. மணி அடிக்க பாட்டுக்குழுவுல ஆளுக்கு ஒரு நாளுன்னு வுட்டாங்க. ஒரு நாளு காலையில ஆறு மணிக்கு வுழ வேண்டிய மணி ஆறு இருவதுக்கு வுழுந்துச்சு, பால் வண்டி போயிடுச்சு. இன்னொரு நாளு ஒருத்தன் திரிகால மணிய எண்ணிக்கையில கோட்ட வுட்டுட்டு, முடிச்சிட்டானா இல்லியான்னு தெரியாம ஜனம் பாதி செபத்துல நின்னுச்சு. சாவிமேல கண்ணு வெச்சிருந்த மச்சான் ஒரு நாளு கயித்த இழுத்தாரு, பூசை மணிக்குப் பதிலா மாட்டுக் கழுத்து மணியாட்டம் வந்துச்சு, தோள்பட்ட புடிச்சிக்கிச்சின்னு அதோட சரி. சவரி அண்ணன் வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு ஒவ்வொரு தப்புக்கும் பல்லக் கடிச்சாரு. லூர்து மேரி எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு அட்டப்பொட்டியில பாத்திரத்த எடுத்து வெச்சிருந்துச்சு.

இந்தக் கூத்துல பாட்டுக்கு இன்னா ஆச்சுன்னா, ஊர்ல முன்ன ஒருத்தரும் கேக்காத பாட்ட இப்ப எல்லாரும் கேக்கறாங்க. எந்த மணிடா அது, எந்த வரிடா அதுன்னு போன்ல தேடித் தேடிக் கேக்கறாங்க. ராஜாமணி டிராக்டர்ல கேக்கறான். கேட்டவங்க யாராலயும் அந்த நாலு வரியத் தாண்டி சவரி அண்ணன் மேல கோவப்பட முடியல. வாய்ல சொல்லல, ஆனா தெருவுல பாத்தா, சாப்டியாண்ணேன்னு கேட்டுட்டுப் போனாங்க.

ஞாயித்துக்கெழம பேரவைக் கூட்டம். வாத்தியாரு மப்ளர் சுத்திக்கினு வந்து உக்காந்தாரு. சாமியாரு சாவிய மேசமேல வெச்சாரு. பேரு வேணாம்னு சொன்னேனே, அந்த ஆளு எழுந்து, ஒரு தபா பண்ணவரு திரும்பப் பண்ண மாட்டாருன்னு இன்னா நிச்சயம்னாரு.

வாத்தியாரு இருமி முடிச்சிட்டுதான் பேசினாரு. "அந்த மணிக்கு செத்தவன் நானு. எனக்கே வருத்தம் இல்ல. ஒனக்கு இன்னாய்யா?" கூட்டம் சிரிச்சிது. அப்பறம் சவரி அண்ணனப் பாத்து, தப்பு அடிச்சது இல்ல, அரகொறையா அடிச்சதுதான்னாரு. சாவுன்னா மூணு இருக்கு, ரெண்டு இருக்கு. பாட்டுக்குன்னு ஒண்ணு இல்ல, அதான் ஊரு ஏமாந்துச்சு. பாட்டுக்கு நாலு தட்டுன்னு இன்னிக்கி முடிவு பண்ணுவோம், பொண்ணு பாட்டத் திருத்திப் போடட்டும்னாரு. அப்பிடித் திருத்த முடியுமான்னு சாமியாரு கேட்டாரு. ஜோஸ்வின் மொத மொறையா வாயத் தொறந்து, முடியும் ஃபாதர், மாத்தி ஏத்திக்கலாம்னான்.

சாமியாரு சாவிய எடுத்து சவரி அண்ணன் கையில வெச்சாரு. இந்த தபா கயித்துல முடிச்சுப் போடாதீங்கண்ணே, கொக்கி போடுங்கன்னாரு. லூர்து மேரி வூட்டுக்குப் போயி அட்டப்பொட்டியப் பிரிச்ச சத்தம் எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சு.

அடுத்த பூசையில அறிவிப்பு. வர்ற வியாழக்கெழம மத்தியானம் மூணு மணிக்கு மணி அடிக்கும், அது ரெக்கார்டுக்கு, யாரும் சாவல, மாலை வாங்க வேணாம். அன்னிக்கி ஊரே கோயில் முன்னால கூடிடுச்சு. டிராக்டர நிறுத்தியாச்சு, மிக்சிய நிறுத்தியாச்சு, முருகையன் கூட ஓமந்தூர்லேர்ந்து வந்திருந்தாரு, மூட்டைய வித்ததால வந்த வெனதானே இதுன்னு கொஞ்சம் கூச்சத்தோட ஓரமா நின்னாரு. குப்பம்மாள் மட்டும் எதுக்கும் ஒரு கூட மாலையோட உக்காந்திருந்துச்சு.

வல்லரசு மேல மைக்கோட நின்னான். வெனிலா கீழ அப்பன் பக்கத்துல. சவரி அண்ணன் கட்டையும் எடுக்கல, துண்டும் சுத்தல. கயித்தப் புடிச்சி இழுத்தாரு. ஒத்த ஒத்தயா எட்டு. அது அடங்கற வரைக்கும் நின்னாரு. அப்பறம் ஒண்ணு. ரெண்டு. எல்லாரும் உதட்டுக்குள்ள எண்ணிக்கினு இருக்காங்க. மூணு. அங்க கொஞ்சம் நேரம் வுட்டாரு பாருங்க மனுசன், வேணும்னேதான் வுட்டாரு. துரைக்கண்ணு வாத்தியாரு மப்ளர இறுக்கிப் புடிச்சிக்கினாரு. குப்பம்மாள் கை கூடையாண்ட போயிடுச்சு.

நாலாவது வுழுந்துச்சு.

ஊரு மொத்தமும் ஒண்ணா மூச்சு வுட்டுச்சு. வல்லரசு மேலேர்ந்து கத்தினான், மூச்சு சத்தமும் ரெக்கார்டுல வந்துடுச்சு, இன்னொரு தபா எடுக்கலாமான்னு. வெனிலா தலைய ஆட்டி, இருக்கட்டும்டா, அதையும் வுட்டுருன்னிச்சு. இப்பவும் அந்தப் பாட்டு கடைசில இருக்கு. நல்லா உத்துக் கேட்டீங்கன்னா அதுல எங்க ஊரு இருக்கும்.